அறுபத்திரண்டு மீன்

நேற்று தூண்டிலின் ரீலை (நூல் சுற்றும் உருளையை) கழற்றி நல்ல தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டேன். அக்டோபர் கடைசி. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேப் காட் கரையில் குளிர்காற்று ஏறிவிட்டது. மே மாதம் வந்த ஸ்ட்ரைப்பர்கள் (உடம்பில் கோடு போட்ட கடல்மீன்கள்) தெற்கே கிளம்பிவிட்டன. ஆக, எனக்கு மீன்பிடி சீசன் முடிந்தது.

தெரியாதவர்களுக்கு: நான் பிடிப்பது ஃப்ளை ஃபிஷிங் முறையில். அதில் நிஜ இரை கிடையாது. மான்வால் முடியும் மினுக்கு இழையும் சேர்த்துக் கொக்கியில் கட்டிய பொய்மீன்தான். அதற்குப் பெயர் ஃப்ளை. எறிகிற அளவுக்கு அதில் எடை இல்லை. தடித்த நூலின் எடைதான் அதைத் தூக்கிப்போகும். எதிர்காற்றில் கொக்கி என் காதிலேயே ஏறிய நாளும் உண்டு.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறேன். திடீரென்று மென்ஹேடன் என்ற சிறு மீனின் குஞ்சுகள் மழை விழுவதுபோலக் கடல்மேல் துள்ளின. கீழே ஸ்ட்ரைப்பர் கூட்டம், மேலே கடற்காகங்கள். இருபது அடி தூரத்தில் வால்கள் தெரிகின்றன. என் கையோ முடிச்சுப் போடமுடியாமல் நடுங்குகிறது. இருட்டுவதற்குள் பதினொன்று பிடித்தேன். பதினொன்றையும் திரும்பக் கடலிலேயே விட்டேன். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னபோது, ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் கேட்டார்: "சாப்பிடாத மீனை எதுக்குத் தம்பி பிடிக்கிறீங்க?"

சிரித்து மழுப்பினேன். ஆனால் நேற்று குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. இந்த வருடம் மொத்தம் 62 மீன், எல்லாமே விட்டவை. விடப்படும் ஸ்ட்ரைப்பர்களில் நூற்றுக்கு ஒன்பது செத்துவிடும் என்றுதான் இங்கே மீன்வளத் துறையினர் கணக்கு வைக்கிறார்கள். அப்படியானால் என் பங்குக்கு ஐந்தரை மீன்! ஒற்றைக் கொக்கி, பொய்மீன் என்பதால் கொஞ்சம் குறையலாம். ஆனால் கோடை வெந்நீரில் பிடித்ததும், படத்துக்காகச் செவுள் காயத் தூக்கிப் பிடித்ததும் நான்தானே. (அந்தப் படங்களுக்கு நீங்கள் போட்ட லைக்குகளும் இருக்கின்றன, போகட்டும்.)

2023 முதல் இங்கே 28 அங்குலத்திலிருந்து 31 அங்குலத்துக்குள் இருக்கும் ஒரே ஒரு மீனைத்தான் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நல்ல விதிதான். இந்த மீன்களில் பெரும்பாலானவை பிறக்கிற இடம், தெற்கே மேரிலாந்து மாநிலத்துப் பக்கம் இருக்கும் செசபீக் விரிகுடா. அங்கே 2019 முதல் குஞ்சுகள் மிகக் குறைவு. 1985-இல் அந்த மாநிலம் ஸ்ட்ரைப்பர் பிடிப்பதையே ஐந்து வருடம் நிறுத்திவைத்தது. மீன் மீண்டும் பெருகியது அதற்குப் பிறகுதான். ஆனால் இன்றைய விதி எடுத்துப்போகும் மீனை மட்டும் எண்ணுகிறது. எத்தனை பிடித்து விட்டாலும் கேள்வி இல்லை. ஒன்று பிடித்துக் குழம்பு வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரை, ஐம்பது பிடித்துத் திரும்பக் கடலில் விடும் நாங்கள் ஏளனமாகப் பார்க்கிறோம். எனக்கு இப்போது அது கூச்சமாக இருக்கிறது.

மீன்பிடிப்பதை நிறுத்தமுடியாது, உண்மையைச் சொல்கிறேன். அடுத்த மே மாதமும் போவேன். ஆனால் ஒரு நாளைக்கு மூன்று, அதோடு கரையேறிவிட வேண்டும். தண்ணீர் சூடான ஜூலை மதியங்களில் போவதில்லை. கைபேசி காரிலேயே கிடக்கட்டும். அப்புறம், கொக்கி நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீண்டிருக்கும் சின்னப் பல்லை நசுக்கிவிட்டால், மீன் வாயிலிருந்து கொக்கி சட்டென்று கழன்றுவிடும். நேற்று ராத்திரி குறடோடு உட்கார்ந்து முப்பது ஃப்ளை முடித்தேன். இன்னும் ஒரு பெட்டி பாக்கி இருக்கிறது.