மொத்தமாக வாங்கினால் எல்லாமே மிச்சமா?

மாதச் சாமான்களை மொத்தமாக வாங்கினால் காசு மிச்சம் என்று சிக்கனம் பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அரிசி, பருப்பு, சீனிக்குச் சரி. மரக்கறிக்கு எங்கள் யாழ்ப்பாணத்து வெயிலில் அது சரிவராது. இங்குள்ள திருநெல்வேலிச் சந்தைக்குக் கொஞ்சம் பிந்திப் போய், அன்றைக்கு மலிந்ததை அளவாக வாங்குவதுதான் மிச்சம். எது மலிவோ அதுதான் அன்றைய கறி. ஒன்றும் சரிவராவிட்டால் வளவுக்குள் முருங்கை நிற்கிறது. இலையை உருவி, தேங்காய்ப்பூ போட்டு ஒரு வறை வறுத்தால் சோற்றுக்குப் போதும்.

கறித்தூள் விஷயத்தை நீங்கள் தொடவே இல்லை. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து மில்லில் திரித்து வைத்தால் கடைப் பைக்கற்றை நம்பி இருக்கத் தேவையில்லை. மல்லியைக் கருக விடக்கூடாது, கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். (தும்மலுக்கு நான் பொறுப்பில்லை.)

இணையத்தில் காசில்லாமல் கிடைப்பவை என்ற உங்கள் பட்டியலில் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தைக் காணவில்லையே? 2005இல் தொடங்கியது. ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகைகள், பழைய பத்திரிகைகள் என்று ஏராளமாக இலவசமாக வாசிக்கலாம். கடையில் தேடியும் கிடைக்காத பழைய இதழ்கள்கூட அங்கே இருக்கின்றன. டேட்டா குறைவென்றால் வைஃபை உள்ள இடத்தில் பிடிஎஃப்பை இறக்கி வைத்து, ஆறுதலாக வாசியுங்கள்.

முகநூலில் பழைய சாமான் வாங்குவது பற்றி நீங்கள் சொன்னது நல்லது. ஆனால் பொருளைக் கண்ணால் பார்க்க முன்னம் அட்வான்ஸ் அனுப்ப வேண்டாம் என்பதையும் சேர்த்திருக்கலாம். அப்புறம், பழைய சைக்கிள் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று அடுத்த முறை எழுதுவீர்களா?