நசியிற பெட்டி

(திருகோணமலை, உப்புவெளிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. வியாழக்கிழமை காலை பத்தரை மணி. காசு மேசையில் மங்களம் மாமி. பின்னால் கூரை முட்ட வெறும் காட்போட் பெட்டிகள். வாசல் பக்க மூலையில் ஒரு கமரா, அதன் திரை மாமிக்குப் பக்கத்தில். தர்ஷன் அளவு நாடாவோடு வருகிறான்.)

தர்ஷன்: மாமி, வெறும் பெட்டி இருக்கா?

மாமி: வீடு மாறப் போறீங்களா? அம்மா ஒண்டும் சொல்லேல்லையே.

தர்ஷன்: வீடு மாற இல்ல மாமி, விழுறதுக்கு.

மாமி: என்னத்துக்கு?

தர்ஷன்: விழுறதுக்கு. ஸ்டண்ட் பழகுறன். கன்னியா ரோட்டில பழைய நெல்லுக் களஞ்சியத்தில மாஸ்டர் ஒராள் வகுப்பு வைக்கிறார். இந்தக் கிழமை உயரத்தில இருந்து விழுற பாடம்.

மாமி: விழுறதுக்குக் காசு கட்டிப் படிக்கிறியா? உன்ட கொப்பர் படிக்காமலே கிணத்துக்க விழுந்தவர்.

தர்ஷன்: அவர் விழுந்தவர்தான். எழும்பி நடக்க ஆறு மாசம். நாங்க விழுந்த கையோட எழும்போணும். டைரக்டர் "இன்னொருக்கா" எண்டா இன்னொருக்கா விழோணும்.

மாமி: சரி, எத்தின பெட்டி?

தர்ஷன்: தொண்ணூற்றெட்டு.

மாமி: நூறாக் கேட்டாலும் நம்பியிருப்பன். அதென்ன தொண்ணூற்றெட்டு?

தர்ஷன்: ஒரு பெட்டி 45 சென்ரிமீற்றர், ஒரு முழம். நீட்டுக்கு ஏழு, குறுக்குக்கு ஏழு. மூண்டு மீற்றருக்கு மூண்டு மீற்றர் கட்டில் மாதிரி வரும். ஒரு அடுக்குக்கு 49. ரெண்டு அடுக்கு.

மாமி: பெட்டி நாப்பது ரூபா. மூவாயிரத்தித் தொளாயிரத்தி இருபது.

தர்ஷன்: என்னட்ட ரெண்டாயிரம்தான் இருக்கு.

மாமி: அப்ப ஒரு அடுக்கில விழு.

தர்ஷன்: மாமி!

மாமி: சரி சரி, முதல்ல சாமானைப் பார். (ஒரு பெட்டியை இழுத்துப் போடுகிறார்.) இது டிவி வந்த பெட்டி. ரெட்டை மட்டை. நான் ஏறி நிண்டு மேல் தட்டைத் துடைக்கிறனான், அசையாது.

தர்ஷன்: அதுதான் வேண்டாம். அதில விழுந்தா மேசையில விழுந்த மாதிரி.

மாமி: பால்மாப் பெட்டி? சவர்க்காரப் பெட்டி? எல்லாம் பாரம் தாங்கும்.

தர்ஷன்: தாங்கக் கூடாது. எனக்கு நசியிற பெட்டி வேணும்.

மாமி: இருவத்தெட்டு வருசமாக் கடை வைச்சிருக்கிறன். பழுதான சாமான் எங்க கிடக்கு எண்டு கேட்டு வந்த முதல் ஆள் நீதான்.

தர்ஷன்: ஒற்றை மட்டைப் பெட்டி மாமி. மிக்சர், பப்படம், ரிஷூப் பேப்பர் வருமே, அந்த மாதிரி. உள்ளுக்கு வாற சாமான் பாரமில்லை எண்டா பெட்டியும் மெல்லிசாத்தான் செய்திருப்பாங்கள்.

மாமி: அப்பிடிச் சொல்லு. முட்டைத் தட்டு மாதிரி. லொறி குலுங்கேக்க தட்டு நசிஞ்சா முட்டை தப்பும். தட்டு விறைப்பா நிண்டா முட்டைதான் நசியும்.

தர்ஷன்: (வாயைப் பிளந்து) மாஸ்டர் இதைச் சொல்லித் தர ரெண்டு மணித்தியாலம் எடுத்தவர்.

மாமி: அவர் முட்டை விக்கேல்லையாக்கும். எவ்வளவு உயரத்தில இருந்து விழுவாய்?

தர்ஷன்: பெட்டிக்கு மேல மூண்டு மீற்றர். முக்கால் செக்கன்தான் ஆகும். ஆனா வந்து முட்டேக்க வேகம் மணிக்கு 28 கிலோமீற்றர்.

மாமி: பேப்பர் போடுற பெடியன் சைக்கிள்ல வாற வேகத்தை விடக் கூட.

தர்ஷன்: வேகத்தில பிரச்சினை இல்லை. நிக்கிற தூரத்திலதான் எல்லாம். சீமெந்தில விழுந்தா சதையும் எலும்பும் அமத்துப்பட்டு ஒரு மூண்டு சென்ரிமீற்றருக்க நிக்கோணும். பெட்டியில அறுபது சென்ரிமீற்றர் நசிஞ்சு நசிஞ்சு நிக்கலாம். இருபது மடங்கு தூரம், அடி இருபதில ஒரு பங்கு. ரெண்டாவது அடுக்கைக் குறைக்க ஏலாது எண்டது அதுதான். கீழ தரை முட்டினா மேல எவ்வளவு நசிஞ்சும் புண்ணியமில்லை.

மாமி: பெட்டிக்கு ஏன் செலவழிக்கிறாய்? டச்பேயில கடல் சும்மாதானே கிடக்கு.

தர்ஷன்: தண்ணி நசியாது மாமி. விலகித்தான் வழி விடும், விலக அதுக்கு நேரம் வேணும். உயரம் கூடக் கூட அந்த நேரம் இருக்காது. கீழ கல்லு கிடக்கிறதும் தெரியாது. அதோட, நனைஞ்ச உடுப்போட ரெண்டாந்தரம் எடுக்க ஏலாது.

மாமி: அப்ப கோணேசர் கோயில் மலையில, இராவணன் வெட்டில இருந்து...

தர்ஷன்: அது முன்னூறு அடிக்கு மேல. கீழ போய்ச் சேரேக்க மணிக்கு 150 கிலோமீற்றர். அதுக்குப் பொம்மைக்கு உடுப்பைப் போட்டு எறிவாங்கள். இல்லாட்டி இடுப்பில வார்ப்பட்டி கட்டிக் கம்பியில இறக்குவாங்கள்.

மாமி: கோணேசரே, இந்தப் பெடியனைப் பொம்மையோட வைச்சுக் காப்பாத்து.

(மாமி மிக்சர்ப் பெட்டிகளை இறக்குகிறார். தர்ஷன் ஒவ்வொன்றாக அளக்கிறான், சிலதை ஒதுக்குகிறான்.)

மாமி: ஏன் அதைத் தள்ளினனீ?

தர்ஷன்: அடி ஈரம். கடல் காத்துக்கு மட்டை ஊறியிருக்கு. ஊறினது நசியுறேல்லை, தொய்யும். விழுறவன் அப்பிடியே ஊடால போயிடுவான். மற்றது நாலு விரல் உயரம் கூட. ஒரு அடுக்கில எல்லாம் ஒரே உயரமா இருக்கோணும். இல்லாட்டி ஒரு பக்கம் முதல் நசிஞ்சு ஆளை உருட்டி வெளிய தள்ளும்.

மாமி: கலியாணத்துக்குப் பொம்பிளை பாத்த ஆக்களும் இவ்வளவு பாக்கேல்ல. (தர்ஷன் ஒரு குறடு எடுத்து அடிப்பக்கம் குனிவதைப் பார்த்து) இப்ப என்ன புடுங்கிறாய்?

தர்ஷன்: செப்புப் பின். பெட்டி நசியேக்க இது நிமிந்து முதுகில ஏறும். எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ரேப்தான் ஒட்டுவன், அதுவும் அடிக்கு மட்டும். மேல் மூடியைச் சும்மா மடிச்சு விடோணும். பக்கத்தில கை போற அளவு ரெண்டு ஓட்டை.

மாமி: ஓட்டை ஏன்?

தர்ஷன்: காத்துப் போக. நாலு பக்கமும் ஒட்டின பெட்டிக்க காத்து அடைபட்டுக் கிடந்தா...

மாமி: மிக்சர் பக்கெற்றில குத்தினா கையைத் திருப்பி எறியுமே, அது மாதிரி.

தர்ஷன்: அதேதான்! ஆளை எறிஞ்சு போடும். வந்ததை விட மோசமான பக்கத்தில விழுவன்.

மாமி: பிறகு அடுக்கினாச் சரியா?

தர்ஷன்: அடுக்கி, ரெண்டு அடுக்குக்கும் நடுவில விரிச்ச மட்டை போடோணும். இல்லாட்டிக் கால் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில செருகும். பிறகு சுத்திவர நைலோன் கயிறு, அடுக்குக்கு ரெண்டு சுத்து. கயிறு இல்லையெண்டா விழுந்த உடன பெட்டியெல்லாம் நாலா பக்கமும் ஓடிடும், நடுவில நானும் தரையும்தான். மேல ரெண்டு தும்பு மெத்தை. அதுக்கு மேல தறப்பாள், நடுவில வெள்ளை ரேப்பால ஒரு புள்ளடி.

மாமி: புள்ளடியில குதிக்கோணும்.

தர்ஷன்: குதிக்கக் கூடாது. படியில இறங்கிற மாதிரிக் காலை எடுத்து வெறும் வெளியில வைக்கோணும். ஓடி வந்து பாய்ஞ்சா அந்த முக்கால் செக்கனுக்க ரெண்டு மீற்றருக்கு மேல தாண்டிடும். நடுவில இருந்து ஓரத்துக்கு ஒண்டரை மீற்றர்தான் கிடக்கு.

மாமி: வந்து நிக்கிறது காலிலதானே? பூனை அப்பிடித்தான்.

தர்ஷன்: பூனைக்கு நாலு கால். நாங்க காலில வந்தா ரெண்டு பாதமும் பெட்டியைக் குத்திக்கொண்டு உள்ள போகும், கணுக்கால் திரும்பும், முழங்கால் மடிஞ்சு வந்து மூக்கை உடைக்கும். இருந்தபடி வந்தா முள்ளந்தண்டு. முதுகு முழுக்க ஒரே நேரத்தில படோணும். நாடி நெஞ்சோட, கண் தொப்புளைப் பாக்கோணும். அப்பத்தான் பின் மண்டை அடிபடாது. கை ரெண்டும் உடம்பில இருந்து அரைவாசி விரிஞ்சு, உள்ளங்கை கீழ. படுற நேரம் "ஹா" எண்டு மூச்சை விட்டிடோணும்.

மாமி: மூச்சைப் பிடிச்சா?

தர்ஷன்: நெஞ்சும் ஓட்டை இல்லாத பெட்டிதான்.

மாமி: (தன் நெஞ்சைத் தடவி) முதல் நாளே மூண்டு மீற்றரா?

தர்ஷன்: இல்ல. முதல் நிண்ட இடத்தில இருந்து மெத்தைக்கு. பிறகு மேசை உயரம், பிறகு ஒண்டரை மீற்றர். ஒவ்வொண்டிலயும் பத்துத்தரம் பிழை இல்லாமல் விழுந்தாத்தான் அடுத்தது. ஒன்பதாந்தரம் நாடி தூக்குப்பட்டா திரும்ப ஒண்டில இருந்து. பொக்கெற்றில திறப்பு, ஃபோன், இடுப்பில பெல்ட் ஒண்டும் இருக்கப்படாது.

மாமி: ஃபோன் இல்லாம இருக்கிறியா? அதுதான் பெரிய ஸ்டண்ட். அடிபிடி ஒண்டும் படிப்பிக்கேல்லையா?

தர்ஷன்: அது முதல் மாசமே முடிஞ்சது. காட்டுறன் வாங்க. நீங்க எனக்குக் குத்துங்க, படாமல்.

மாமி: படாமல் குத்திறதுக்கு எனக்கு ஏன் கை? (குத்துகிறார். தர்ஷன் தலையைத் திருப்புகிறான். மாமி திரையில் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்.) சீ! கைக்கும் மூஞ்சைக்கும் நடுவில ஒரு சாண் வெளி தெரியுது.

தர்ஷன்: கமராவுக்குப் பக்கவாட்டில நிண்டமெல்லோ, அதான். கமரா, நான், நீங்க மூண்டும் ஒரே கோட்டில நிக்கோணும். என்ட முதுகு கமராவுக்கு. அப்ப உங்கட கை என்ட முகத்துக்கு முன்னால குறுக்கால போனா ஒரு சாணும் தெரியாது, ஒரு முழமும் தெரியாது. அரிசி மூட்டைப் பக்கம் வாங்க. கமரா உயரத்தில கிடக்கு, கிட்ட நிண்டா மேல இருந்து காட்டிக் குடுத்திடும். கையை நேரா நீட்டாமல் ஒரு காதில இருந்து மற்றக் காதுக்கு வீசுங்க.

மாமி: நீ என்ன செய்வாய்?

தர்ஷன்: அடியை விக்கிறது, அதாவது பட்ட மாதிரிக் காட்டுறது, என்ட வேலை. உங்கட கை மூக்கைத் தாண்டுற நேரம் கை போற பக்கமாத் தலை போகோணும். பிந்தினாக் கல்லுப் பிள்ளையார், முந்தினாக் காசு வாங்கினவன். சத்தத்துக்கு மேடையில எண்டா நெஞ்சில நானே தட்டுவன். படத்தில பிறகு சேர்ப்பாங்கள்.

(மாமி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வீசுகிறார். தர்ஷன் சுழன்று அரிசி மூட்டையில் சரிகிறான். மாமிக்குப் பிடித்துப்போகிறது. இன்னும் இரண்டு வீசுகிறார். கைபேசி அடிக்கிறது.)

மாமி: ஹலோ... ஓம் மகன். என்ன, ஸ்காபரோவில இப்ப இரவு ஒரு மணியெல்லோ, நித்திரை கொள்ளேல்லையா?... ஆரை?... இல்லையடா, அது நம்மட தர்ஷன்... களவெடுக்கேல்லை!... நான் படாமல்தான் அடிச்சனான்... மூண்டு தரமும் படாமல்தான்... அவன்தான் அடிக்கச் சொன்னவன்... டொக்டரிட்ட ஏன் போகோணும்? எனக்கு ஒண்டும் இல்லை! (வைத்துவிட்டு) கமராவைப் பூட்டிப்போட்டு அங்க இருந்து என்னைக் காவல் காக்கிறான்.

தர்ஷன்: அவரே நம்பிட்டார் எண்டா நீங்க பாஸ் மாமி.

மாமி: இந்த அடிக்கெல்லாம் பரிசு தருவாங்களா?

தர்ஷன்: இப்பதான் தொடங்கியிருக்கிறாங்கள். இந்தியத் தேசிய விருதில சண்டைப் பயிற்சிக்கு முதல் முதல் 2017 இலதான் குடுத்தது, பீட்டர் ஹெயினுக்கு. ஒஸ்காரில ஸ்டண்ட் வடிவமைப்புக்கு எண்டு விருது வைக்கிறம் எண்டு 2025 இல அறிவிச்சிருக்கிறாங்கள். 2027 இல வாற படங்களுக்கு, 2028 இல குடுப்பாங்கள்.

மாமி: அப்ப 2028 மட்டும் முதுகைப் பத்திரமா வை. சரி, காசுக் கதைக்கு வா. மூவாயிரத்தித் தொளாயிரம், இருபதை விட்டுத்தாறன்.

தர்ஷன்: மாமி, விழுந்தாப் பிறகு அது வெறும் குப்பை. ஒருதரம் விழுந்தா நடுவில பன்னிரண்டு பெட்டி சப்பளிஞ்சு போகும். அதை எடுத்துப்போட்டு ஓரத்துப் பெட்டியை நடுவுக்கு வைச்சு, ஓரத்துக்குப் பழைய ரயர் அடுக்குவம். சப்பளிஞ்சதுகளை எரிக்கிறதுதான்.

மாமி: நில்லு. சப்பளிஞ்சு எண்டா? தட்டையா?

தர்ஷன்: தட்டையா.

மாமி: பின்னும் கழட்டினது.

தர்ஷன்: ஓம்...

மாமி: (லாச்சியைப் பூட்டிவிட்டு எழும்புகிறார்.) சனிக்கிழமை பழைய கடதாசி எடுக்கிற லொறி வரும். பின் கழட்டித் தட்டையா இருந்தாத்தான் நிறுத்து எடுப்பான். அதுக்கு ஒரு பெடியனுக்குக் கிழமைக்கு ஆயிரம் ரூபா குடுக்கிறன். அவன் ஃபோனைப் பாத்துக்கொண்டு ஒரு காலால மிதிக்கிறான். காசு வேண்டாம், பெட்டியைக் கொண்டு போ. சனி காலை ஒன்பதுக்கு முதல் தட்டையாத் திரும்பி வரோணும். எரிச்சியெண்டால் கொம்மாட்டச் சொல்லுவன்.

தர்ஷன்: உண்மையாவா மாமி?

மாமி: (விரல் விட்டு எண்ணி) ஒருதரத்துக்குப் பன்னிரண்டு. எட்டுத்தரம் விழுந்தா தொண்ணூற்றாறு. ரெண்டு மிஞ்சுது.

தர்ஷன்: கடைசியா ஓரத்தில ரெண்டு மிஞ்சத்தான் செய்யும்.

மாமி: அந்த ரெண்டிலயும் இருந்து எழும்பிப்போட்டு வா. (அவன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறான்.) தம்பி, அடுத்த கிழமை அந்தப் பால்மாப் பெட்டியெல்லாம் கிடக்கு. அது நசியிறதுக்கு எத்தின மீற்றரில இருந்து விழோணும்?