கூலிங் கிளாஸ் லேசரைத் தடுக்காது

“கறுப்புக் கண்ணாடி போட்டால் எந்த லேசரும் கண்ணைத் தொடாது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

வெயில் கண்ணாடி 10 சதவீத ஒளியை உள்ளே விடுவதாக வையுங்கள். மரத்தில் பெயர் பொறிக்கும் 5 வாட் நீல லேசரில் அதுவே 500 மில்லிவாட். சாதாரண லேசர் சுட்டியைப்போல் நூறு மடங்கு! போதாக்குறைக்கு, கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்மணி விரிந்து இன்னும் அதிக ஒளியை வாங்கும்.

நிறத்தை நம்பாதீர்கள். நீல லேசருக்கான ஆரஞ்சுக் கண்ணாடி சிவப்பு லேசரை அப்படியே விட்டுவிடும். உங்கள் லேசரின் அலைநீளத்துக்கு (பெரும்பாலும் 450 நானோமீட்டர்) ‘ஓடி 4’ (ஓடி என்பது ஒளியைத் தடுக்கும் அளவு) என்று கண்ணாடியில் இருந்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் ஊடுருவும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 207 முத்திரையையும் தேடுங்கள்.

சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் பிள்ளைக்கும் பூனைக்கும் யார் கண்ணாடி மாட்டுவது? மூடிய பெட்டி உள்ள கருவியே மேல். கண்ணுக்கு ஆபத்தான 3பி, 4 வகை லேசர் என்றால், வாங்குமுன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிம விதிகளைப் பாருங்கள்.