மொத்தப் பணம் வாங்கியவர் 'நேரில் வாங்க' என்பாரா?

ஆன்லைன் ஸ்பீச் தெரபிக்கு நான் எதிரி இல்லை. நானும் தெரபிஸ்ட்தான், எனக்கும் வீடியோ காலில் செஷன் உண்டு. பரமக்குடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் மதுரைக்கு பஸ் ஏறும் அம்மாவுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! காது கேட்காத குழந்தைக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அப்புறம் அந்தக் குழந்தையை வீட்டில் தினமும் கேட்கப் பழக்குவது அம்மாதான். அவருக்குச் சொல்லிக்கொடுக்க வீடியோ கால் தாராளமாகப் போதும்.

என் கோபமெல்லாம், எதைக் கேட்டாலும் "ஆன்லைன்லயே பண்ணிடலாம்" என்பவர்கள் மேல்தான்.

'ஸ' ஒலியின் பலம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேல் இருக்கிறது. சாதாரண போன் லைன் கடத்துவதோ 300 முதல் 3400 வரை. வீடியோ கால் பரவாயில்லை என்றால், அதில் பெரும்பாலும் இரைச்சலைக் குறைக்கும் வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். 'ஸ'வும் காற்று உரசும் சத்தம்தானே, சில சமயம் அதையும் சேர்த்து நறுக்கிவிடும். குழந்தை 'ஸ'வை விட்டதா, ஆப் விழுங்கியதா? இதைச் சோதிக்காமலே உச்சரிப்பு ரிப்போர்ட் எழுதி அனுப்புகிறார்கள்.

பக்கவாதம் வந்தவர்கள் விஷயம் இன்னும் மோசம். அவர்களால் சரியாக விழுங்க முடிகிறதா என்று பார்ப்பதும் எங்கள் வேலைதான். சிலருக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமலே வராது. கேமராவில் எதுவும் தெரியாது. பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல், "ஒரு டம்ளர் தண்ணி குடிக்கச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்று சொல்ல எப்படித் துணிச்சல் வருகிறது?

ஹியரிங் எய்டை கூரியரில் அனுப்புவது தனிக் கதை. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றுகூட யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் தொழிலுக்குப் பதிவு தரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலுக்கான சட்டம் 1992-இல் வந்தது. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும் என்று அதில் எழுதினார்கள். இன்று சில இடங்களில் அந்த ஆயிரம் ஒரே செஷன் காசு!

ஆனால் பதிவு எண் உள்ளவர்களும் எல்லாவற்றையும் ஆன்லைனிலேயே செய்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். காரணம் பேக்கேஜ். ஆறு மாதப் பணத்தை மொத்தமாக வாங்கிவிட்டவருக்கு, இரண்டாவது வாரத்தில் "இது திரையில் சரிவராது, உங்கள் ஊர்ப் பக்கம் நேரில் ஒருவரைப் பாருங்கள்" என்று சொல்ல வாய் வருமா? பணத்தைத் திருப்பித் தர வேண்டுமே. ஒவ்வொரு செஷனுக்கும் தனித்தனியாகக் காசு வாங்குங்கள் என்றால் தொழில் தெரியாதவள் என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பெற்றோர்களே, நீங்கள் மொத்தமாகக் கட்டாதீர்கள்.