மழை விட்டாலும் விடாத சொட்டு

ஜீப்பின் துணிக்கூரையைக் கழற்றிவிட்டு, வெளிக்கடையில் செய்த ஃபைபர் ஹார்டுடாப் (கெட்டிக்கூரை) மாட்டியவர்களுக்கு ஐப்பசி பிறந்தால் இதே கதைதான். பிரேக் அடித்தால் போதும், கூரை மடிப்பில் தேங்கிய தண்ணீர் அப்படியே தொடையில் ஊற்றுகிறது.

கூரையை மாட்டிக் கொடுத்த கடைக்காரருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் சிலிக்கோன் பசை. எல்லா இடுக்கிலும் அப்பிவிடுகிறார். கழற்றி மாட்டுகிற கூரைக்கு அது எதற்கு? அடுத்த முறை கழற்றும்போது பிய்ந்து வந்துவிடும். அங்கே வேண்டியது, முன்கண்ணாடி ஃபிரேமும் கூரையும் சேரும் இடத்தில் நன்றாக நசுங்கி உட்காரும் ஸ்பாஞ்சு ரப்பர் பீடிங் (விளிம்புப் பட்டை). ஃபைபர் விளிம்பே மேடும் பள்ளமுமாக இருந்தால் பாவம், ரப்பர்தான் என்ன செய்யும்? போல்ட்டை இன்னும் முறுக்கினால் ஃபைபர் விரிசல் விடும், அது தனிச் செலவு.

கொடுமை என்னவென்றால், சொட்டும் இடத்தில் ஓட்டை இருப்பதில்லை. பின்னால் ஏதோ போல்ட் துளையில் நுழைந்து, உள்பக்கமாகவே ஓடி வந்து முன்னால் சொட்டும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஹோஸ் பிடித்தால்தான் அகப்படும். கடைக்காரரோ ஒரு வாளியை மேலே கவிழ்த்துவிட்டு, "இப்ப ஒழுகலையே சார்" என்கிறார். 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று உள்ளே தள்ளுகிற மழையை ஒரு வாளியில் எப்படிக் காட்டுவது?