போகியில் எரிச்சது குப்பை இல்லை

குடியாத்தம் வீட்டில் போகியன்னைக்கு, பழைய டிரங்குப் பெட்டியில் இருந்த காகிதங்களைச் சித்தப்பா நெருப்பில் போட்டது சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும். திரும்ப எழுதி சித்தப்பாவை நோகடிக்க எனக்கு ஆசை இல்லை. ஆனா "பழைய குப்பைக்குப் போய் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே"ன்னு ஆளாளுக்குக் கேட்கறீங்க. அதனால சொல்றேன். அந்த டிரங்குப் பெட்டியில் இருந்தது குப்பை இல்லை.

அதில் தாத்தா கல்யாணத்து மொய் நோட்டு இருந்தது. "ரௌத்திரி வருஷம் தை மாசம்"னு முதல் பக்கத்தில் எழுதியிருக்கும். அறுபது வருஷப் பேரைக் கணக்குப் போட்டா அது 1921 தொடக்கம். யார் எந்த ஊரிலிருந்து வந்தாங்க, என்ன முறை, எவ்வளவு வச்சாங்கன்னு நூறு பேருக்கு மேல இருந்தது. இனி அதை எங்கே போய்த் தேடுவேன்?

வேலூரில் என் வீட்டில் இருக்கிறது ஒரே ஒரு இரும்பு பீரோ. அதைத்தான் நான் லைப்ரரின்னு சொல்றேன். பத்திரங்களோட, அதைப் படிச்சுப் புரிஞ்சுக்கத் தேவையான புத்தகங்களும் அதில் இருக்கு. 1881-ல் ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு ஜில்லா மேனுவலை, அதாவது ஜில்லாவைப் பத்தின தகவல் புத்தகத்தை, பிரிண்ட் எடுத்து பைண்டு பண்ணி வச்சிருக்கேன். தமிழ் லெக்சிகன்கிற பெரிய அகராதி வச்சிருக்கேன். நிலவரிப் பதிவுகளில் வர்ற பசலி வருஷக் கணக்கை நோட்டில் எழுதி வச்சிருக்கேன். பசலியோட 590 கூட்டினா அது தொடங்கின இங்கிலீஷ் வருஷம் வந்துடும்.

"புத்தகம் எதுக்கு, பத்திரம் போதாதா"ன்னு கேட்பீங்க. போதாது. கொள்ளுத்தாத்தாவோட 1907 கிரயப் பத்திரத்தில் ஊர் பேர் இருக்கு, "வட ஆற்காடு ஜில்லா"ன்னு இருக்கு, தாலுகா பேரை மட்டும் செல்லு தின்னுடுச்சு. அதே பேரில் இங்கே ஒரு ஊர் இருக்கேன்னு ரெண்டு வருஷம் ஆரணி, போளூர் பக்கம் அலைஞ்சேன். மேனுவலைத் தாலுகா தாலுகாவா புரட்டினப்பதான் விளங்கிச்சு. அன்னைக்குச் சித்தூர்தான் வட ஆற்காட்டுக்கே தலைநகரம். 1911-ல் சித்தூர் தனி ஜில்லா ஆன பிறகுதான் கலெக்டர் ஆபீஸ் வேலூருக்கு வந்தது. எங்க பூர்வீக ஊர் சித்தூரோட போய், இப்போ ஆந்திராவில் இருக்கு! அப்புறம் 1989-ல் திருவண்ணாமலை பிரிஞ்சது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிஞ்சது. நம்ம ஜில்லாவில் குடும்பத்தைத் தேடறவன் பழைய எல்லை தெரியாம ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

இடம் இல்லைன்னு சொல்றவங்களுக்குப் பதில் சொல்லப் போறதில்லை. ஒரு பீரோ தட்டு போதும்.

"ஸ்கேன் பண்ணிட்டா போச்சு"ன்னு தம்பி சொன்னான். சரி, பண்ணுங்க. பண்ணிட்டு எரிக்காதீங்க, அவ்வளவுதான். லேமினேஷனும் வேண்டாம், செல்லோ டேப்பும் வேண்டாம்.

ஒருத்தர் கேட்டதுதான் மனசை அறுக்குது: "சாதிப் பெருமை பேசத்தானே இதெல்லாம்?" அப்படிப் பேசறவங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா அவங்களுக்குப் பத்திரம் எதுக்கு? ராஜா வம்சம்னு வாயாலேயே சொல்லிடறாங்க. பத்திரத்தைத் திறந்து பார்த்தா கடனும், போக்கியமும், பஞ்சத்தில் வித்த அரை காணியும்தான் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் நம்ம ஜில்லாவிலிருந்து தென்னாப்பிரிக்காவில் இருக்கிற நேட்டாலுக்கும் பிஜிக்கும் கூலிக்குப் போனாங்களே, அவங்களுக்குக் கொடுத்த எமிகிரேஷன் சீட்டில் ஜில்லா, தாலுகா, கிராமம், அப்பா பேர் எல்லாம் இருக்கு. அதைக் கையில் வச்சுக்கிட்டு இன்னைக்கும் பேரப்பிள்ளைங்க ஊரைத் தேடி வராங்க. கடல் தாண்டிப் போனவங்க பத்திரப்படுத்தி வச்சிருக்காங்க. கூடவே இருந்த நாம அடுப்புக்குப் போடறோம். இதில் பெருமை எங்கே வந்தது?

எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. இருந்தது, இப்போ இல்லை. ஒரு போன் பண்ணியிருக்கலாம். வேலூருக்கும் குடியாத்தத்துக்கும் எவ்வளவு தூரம்? நானே வந்து தூக்கிட்டுப் போயிருப்பேன்.

அந்தப் பெட்டியின் அடியில் ஒரு பாகப்பிரிவினைச் சீட்டு இருந்தது. பதிவு பண்ணாதது, அதனால நகல் கேட்டு மனுப் போட எந்த ஆபீசும் இல்லை. அதில் எங்க ஆயாவோட கைநாட்டு இருந்தது. ஆயாவை யாரும் போட்டோ எடுத்ததில்லை. சின்ன வயசில் அந்த மசி ரேகை மேல என் கட்டைவிரலை வச்சு, யாருது பெருசுன்னு பார்ப்பேன். ஆயாவோடதுதான் பெருசா இருக்கும்.

இன்னும் யார் வீட்டுப் பரண்லயாவது எங்க குடும்பத்துப் பெட்டி ஏதாவது இருந்தா, அடுத்த போகிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க.