காணியைப் பற்றிக் கேட்காமல் எங்கள் பெயரில் ஆதரவு கொடுக்காதீர்கள்

இங்கே கனடாவில் தேர்தலில் நிற்கும் ஒரு வேட்பாளருக்காக நம்மவர்கள் சிலர் வெளியிட்ட அந்த ஆதரவு அறிக்கையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பொன்னாடையோடு வேட்பாளர் நடுவில் நிற்கிறார். இரு பக்கமும் நமக்குத் தெரிந்த முகங்கள். கீழே, தமிழ்ச் சமூகம் இவரை ஆதரிக்கிறது என்ற வரி. முழுவதையும் வாசித்தேன். நினைவேந்தல் இருக்கிறது, பொங்கல் இருக்கிறது, தமிழ் மரபுத் திங்கள் இருக்கிறது. இலங்கையில் பறிபோகும் நம் காணிகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

யாரைக் கேட்டு இந்த ஆதரவைக் கொடுத்தீர்கள் என்று அதன் கீழே எழுதினேன். நீக்கிவிட்டார்கள். பிறகு ஒருவர் உட்பெட்டியில் வந்து, "அண்ணா, தேர்தல் நேரத்தில் குழப்ப வேண்டாம்" என்றார். இன்னொருவர் எல்லோரும் பார்க்கும்படியே என்னை இலங்கை அரசாங்கத்தின் ஆள் என்று எழுதினார். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வேட்பாளருக்கு நம் ஆதரவைக் கொடுப்பதற்கு முன், ஊரில் பறிபோகும் காணிகளுக்காக என்ன செய்வார் என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் ஆதரவு கொடுக்காதீர்கள்.

2025 மார்ச் 28 அன்று இலங்கை அரசாங்கம் வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தலை அதற்குள் மறந்துவிட்டோமா? வடக்கின் கரையோரத்தில் 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அது அரச காணி. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 28 அன்று, கனடாவில் பொதுத் தேர்தல். அந்த மாதம் முழுவதும் வேட்பாளர்கள் நம் வீட்டுக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்கு வந்தவர் வணக்கம் சொன்னார், பொங்கலைப் பற்றிப் பேசினார். வர்த்தமானியைப் பற்றிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவரோடு கூட வந்திருந்த நம்மவர்கள் இருவருக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள்தான் அவரிடம் சொல்லவில்லை.

அந்தக் காணிகளின் சொந்தக்காரர்களில் பலர் இங்கேதான் இருக்கிறார்கள். போரில் காணி உறுதியைத் தொலைத்தவர்கள், தாய் தகப்பன் இறந்தபின் பெயர் மாற்றாதவர்கள், தம் சார்பில் காணி அலுவல் பார்க்க அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்க ஊரில் ஓர் ஆள் இல்லாதவர்கள். அந்த மூன்று மாதமும் அவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பதை அறிக்கை எழுதியவர்கள் அறியமாட்டார்களா?

ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசாங்கமும் வர்த்தமானியை மீளப்பெற்றது. வழக்குத் தொடுத்தவர் தமிழரசுக் கட்சியின் சட்டத்தரணி சுமந்திரன். 2021 நவம்பரில் டொராண்டோவின் ஸ்காபரோவில் அவர் பேச வந்தபோது கூச்சலிட்டுக் கூட்டத்தைக் குழப்பினோமே, அதே சுமந்திரன். அவருடைய அரசியலில் எனக்கும் உடன்பாடில்லாத இடங்கள் நிறைய உண்டு. ஆனால் காணிக்காக நீதிமன்றப் படி ஏறியவர் அவர். நாம் இங்கே பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தோம்.

"அப்படியானால் இனப்படுகொலை அங்கீகாரம் உனக்குச் சின்ன விஷயமா?" என்று கேட்பீர்கள். இல்லை. 2022 மே 18 அன்று கனடாவின் நாடாளுமன்றம் தமிழ் இனப்படுகொலையை அங்கீகரிக்கும் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியபோது நான் அழுதேன். 2023 ஜனவரியில் இலங்கையின் முன்னாள் ஜனாதிபதிகள் மகிந்தவுக்கும் கோட்டாபயவுக்கும் கனடா தடை விதித்தபோது, இந்த நாட்டில் வாழ்வதற்காகப் பெருமைப்பட்டேன். அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த இளையவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அங்கீகாரம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஆர்மேனியர்களைப் பாருங்கள்.

அமெரிக்காவில் அவர்களைப் போல வலுவாகக் குரல் கொடுத்த புலம்பெயர் சமூகங்கள் குறைவு. 1992இலேயே, நகோர்னோ கராபக் நிலத்துக்காக ஆர்மேனியர்களோடு போரிட்ட அஸர்பைஜானுக்கு அமெரிக்க அரசின் உதவியைக் கட்டுப்படுத்தும் சட்டப் பிரிவைக் கொண்டுவரச் செய்தவர்கள்.  2021 ஏப்ரல் 24 அன்று அமெரிக்க ஜனாதிபதி பைடன் ஆர்மேனிய இனப்படுகொலையை அங்கீகரித்தார். அதை ஒட்டிய நாட்களிலேயே அவருடைய அரசு அந்தத் தடைக்கு விலக்கும் கொடுத்து, அஸர்பைஜானுக்கு உதவி போக வழி விட்டது. 2022 டிசம்பரில், ஆர்மேனியர்கள் வாழ்ந்த நகோர்னோ கராபக்குக்குப் போகும் ஒரே பாதை மறிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் அஸர்பைஜான் தாக்கியதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சில நாட்களில் ஊரைக் காலி செய்துகொண்டு வெளியேறினார்கள். அங்கீகாரம் கையில் இருந்தது. நிலம் போய்விட்டது. இதைப் படித்த பிறகும் நமக்குப் பயம் வரவில்லையென்றால் எப்போது வரும்?

"கனடா எம்.பி.யால் பலாலியில் இராணுவம் பிடித்திருக்கும் காணியை விடுவிக்க முடியுமா?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். முடியாது. ஆனால் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானங்களைக் கொண்டுவரும் நாடுகளில் கனடாவும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் தையிட்டியில் தனியார் காணியில் பௌத்த விகாரை கட்டிவிட்டார்கள், காணிக்காரர்கள் போயா எனும் பௌர்ணமி தினங்களில் போய் நின்று போராடுகிறார்கள். கொழும்பில் இருக்கும் கனடா உயர்ஸ்தானிகர் ஒருநாள் அவர்களோடு போய் நிற்கட்டும் என்று ஓர் எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்க முடியாதா? இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் மாகாண சபைகளுக்கு எழுதியுள்ள காணி அதிகாரம் எங்கே, 2018இல் காலம் முடிந்த வடமாகாண சபைக்குத் தேர்தல் எங்கே என்று கேட்க முடியாதா? நாம் கேட்கச் சொன்னால்தானே அவர் கேட்பார்.

ஒற்றுமையைக் குலைக்கிறேனாம். இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

அரசாங்கத்தின் ஆள் என்றதற்கு மட்டும் சொல்கிறேன். என் அம்மா பலாலியில் பிறந்தவர். செம்மண் தோட்டம், வெங்காயமும் புகையிலையும் விளைந்த காணி. 1990 ஜூனில் உடுத்த உடையோடும் உறுதிகளோடும் வெளியேறினார். அந்தக் காணி இன்றும் இராணுவ வேலிக்கு உள்ளே இருக்கிறது. அம்மா ஸ்காபரோவில் இறந்தார். கடைசி வருடங்களில் மருந்தின் பெயர் மறந்துபோனாலும் காணியின் நான்கு எல்லைகளையும் யார் யாருடைய வளவு என்று சொல்லுவார். சித்தப்பா இன்றும் மல்லாகத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், "அங்கே உங்களுடைய எம்.பி.யிடம் இதைச் சொன்னாயா தம்பி?" என்று கேட்கிறார். அவருக்கு நான் என்ன சொல்ல? பொன்னாடை போர்த்தினோம், படம் எடுத்தோம், காணியைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கவில்லை என்றா? அந்த மனிதரின் பெயரும் சேர்ந்ததுதான் நீங்கள் எழுதிய தமிழ்ச் சமூகம். அவரை யார் கேட்டீர்கள்?

தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இராணுவத்தின் பிடியில் உள்ள காணிகளையும், தையிட்டியையும், மாகாண சபையின் காணி அதிகாரத்தையும் பற்றி அந்த வேட்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலை அவருடைய கையெழுத்தோடு வெளியிடுங்கள். பதில் நல்லதாக இருந்தால் நானே அவருக்காக வீடு வீடாகப் போகிறேன். கேட்க மனமில்லையென்றால், அறிக்கையிலிருந்து தமிழ்ச் சமூகத்தை எடுத்துவிட்டு உங்கள் சொந்தப் பெயர்களைப் போடுங்கள். இந்தப் பதிவை நீக்கச் சொல்லி யாரும் எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம்.